ஏரிக்கரைக் கழனிக்கு ஓர் ஆட்சேபணை

6 ஜூன் 2005, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பால்வாடிக்குச் சத்துமாவு மூட்டை இன்றும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். சுவரில் பசை காயாத அறிவிப்பு ஒன்று. யார் நிலமோ என்று படித்தேன்.

எங்கள் நிலம். அப்பா வாங்கிய ஏரிக்கரைக் கழனி. மனுதாரர் தயாளன், இறந்தவரின் ஒரே வாரிசு, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றித் தரக் கோருகிறார். ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தாலுகா ஆபீசில் எழுதித் தரலாம்.

ஒரே வாரிசு! தயா என் தம்பி. அவன் பிறந்த அன்று மருத்துவச்சிக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஆறு வயது.

ஆயா கன்னியம்மா கேட்டாள்: "இன்னா டீச்சர், பேயறஞ்ச மாரி கீற?" ஒன்றுமில்லை என்றேன். குழந்தைகளுக்கு முட்டை உரிக்க உட்கார்ந்தேன்.

கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு இவர் சாயங்காலம் வந்தார். சொன்னேன். "விடு வசந்தா. கேட்டா உன் பங்கக் குடுப்பான்."

"கேக்காமயே எல்லாத்தையும் எடுத்துக்கினானே."

சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

8 ஜூன், புதன்

தயா வீட்டுக்குப் போனேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவன் ஒரே வாரிசுன்னு எழுதுன பேப்பர்ல கைநாட்டு வெச்சியாமா?"

"ரேசன் கார்டுக்குன்னு சொன்னான்." கீரையை உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "தெரிஞ்சிருந்தாலும் வெச்சிருப்பேன்டி. சோறு போடறவன் அவன். நீ வேற வூட்டுக்குப் போயிட்டவ."

அடி வாங்கியது போல இருந்தது. அடி வாங்கியிருக்கலாம்.

தயா பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் புரோக்கர் குமரேசன், வெள்ளை வேட்டி, கையில் இரண்டு செல்போன். ஒரகடம் ரோட்டில் புதுக் கம்பெனி வருகிறதாம். கார் ஏற்றும் லாரிகள் நிற்க இடம் வேண்டுமாம். எங்கள் கழனி ரோட்டை ஒட்டியது. அதுதான் விஷயம்.

என்னைப் பார்த்துவிட்டு குமரேசன் தயாவிடம் சிரித்தான். "அக்கா ஒண்ணு கீதுன்னு நீ சொல்லவே இல்லியேப்பா?"

தயா தலை நிமிராமல், "அது இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா" என்றான்.

10 ஜூன், வெள்ளி

அரை நாள் லீவு. ஸ்ரீபெரும்புதூர். ஷிப்ட் விடும் நேரம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. தாலுகா ஆபீசில் ஆட்சேபணை மனு கொடுத்தேன். வாங்கியவர் தலையே தூக்கவில்லை. சீல் குத்தும் சத்தம் மட்டும் நன்றாக இருந்தது.

வாங்க வேண்டியது: உளுந்து, பினாயில், இவருக்குச் செருப்பு. செருப்பு மறந்துவிட்டேன்.

15 ஜூன், புதன்

இடது கையால் முகத்தைத் தாங்கிக்கொண்டு எழுதுகிறேன். உதட்டில் தையல்.

பால்வாடியில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தயா செருப்போடு உள்ளே வந்தான். "எவளக் கேட்டுடி மனு குடுத்த?" நான் எழுந்திருப்பதற்குள் கொண்டையைப் பிடித்துவிட்டான். கதவு நிலையில் என் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை. வாய்க்குள் உப்புக் கரித்தது. பல் ஆடுகிறது.

"வாபஸ் வாங்கு. இல்லாங்காட்டி இந்தப் பசங்க எதிர்லயே உன்னக் கொளுத்துவேன்."

கன்னியம்மா கொதிக்கிற குழம்பைக் கரண்டியோடு அவன் முதுகில் வீசினாள். கத்திக்கொண்டே ஓடினான். குழந்தைகள் எல்லாம் அழுகை. கடைக்கோடியில் ஒரு பிள்ளை மட்டும் அழாமல் முட்டையைத் தின்று முடித்துவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு இன்னும் கிழிந்தது.

ஸ்டேஷனில் ஏட்டு: "அக்கா தம்பி சமாச்சாரம். குந்திப் பேசி முடிச்சிக்கங்கம்மா."

ஆஸ்பத்திரியிலிருந்து இவர்தான் கூட்டி வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு: "வாபஸ் வாங்கிடு. நிலம் போனாப் போவுது." நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

20 ஜூன், திங்கள்

இவரை அடித்துவிட்டார்கள்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு டீக்கடையில் நின்றிருக்கிறார். குமரேசனின் ஆட்கள் நாலு பேர். சைக்கிள் செயின், கட்டை. கீழே தள்ளி, ஒருவன் முழங்கையைப் பிடித்து ரோட்டுக் கல்லின் மேல் வைத்துக்கொள்ள, இன்னொருவன் கட்டையால் அடித்திருக்கிறான். டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டாராம். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்.

முழங்கை மூன்றாக உடைந்திருக்கிறது. இனி ஸ்டியரிங் பிடிப்பாரா தெரியாது. மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். தொடையில் செயின் பட்ட இடம் கன்றி, பாம்பு சுற்றிக்கொண்டது போல.

அழுதார். பதினோரு வருஷத்தில் நான் பார்க்காதது. அழுது முடித்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்: "வாபஸ் வாங்காத. என் கைய ஒடச்ச பிறகு இன்னாத்துக்கு வாங்கணும்?"

அவர் தலையைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குள் இருந்தது பாசம் மட்டும் இல்லை. தயாவின் தலையை அதே கல்லில் வைத்து அடிப்பதாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க நிம்மதியாக இருந்தது.

29 ஜூன், புதன்

விசாரணை நாள்.

தாலுகா ஆபீசில் அதிகாரி ஒரு பெண். தயா புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலில் தேன். கூடப்பிறந்தவள் யாரும் இல்லை, இந்தம்மா தூரத்துச் சொந்தம் என்றான். பக்கத்தில் அம்மா. குமரேசன் வாசற்படியில்.

நான் பள்ளிச் சான்றிதழைக் காட்டினேன். ரேஷன் கார்டின் பழைய நகல் காட்டினேன். அதிகாரி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா" என்றான் தயா. அம்மா தலை தூக்கி என்னைப் பார்த்தாள். என் கண்ணை இல்லை, உதட்டை. தையல் பிரித்த தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு. மூத்தது பொண்ணு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் தயா அம்மாவின் முதுகில் உதைத்தான். பெற்றவளை! குப்புற விழுந்தாள். கையை ஊன்றினாள், மணிக்கட்டு மடங்கியது. "யாருடி உன்னப் பேசச் சொன்னது?" மறுபடியும் காலைத் தூக்கினான்.

காம்பவுண்டு வேலைக்குச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். திரும்பியவன் முகத்தில் அடித்தேன். செங்கல் இரண்டாக உடைந்தது. கையில் மிச்சமிருந்த பாதியால் மறுபடியும். கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. நான் நிறுத்தவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றேன்.

உண்மையை எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அடித்தபோது சந்தோஷமாக இருந்தது.

2 ஜூலை, சனி

இரண்டு பக்கமும் கேஸ். எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, வக்கீல் நல்ல மனிதர். தயாவுக்குச் சென்னை கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இடது கண்ணில் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

பால்வாடியிலிருந்து நீக்கம், விசாரணை முடியும்வரை. கன்னியம்மா வந்து சொல்லிவிட்டு, ஒரு பை கத்தரிக்காயும் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா இங்கேதான் இருக்கிறாள். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. என்னோடு பேசுவதில்லை. நான் ஊட்டினால் வாயைத் திறக்கிறாள், அவ்வளவே. இன்று மட்டும், ஊட்டும்போது: "கண்ணப் போய் அடிச்சியேடி."

"உன்ன ஒதச்சான்மா."

"ஒதச்சா ஒதச்சிட்டுப் போறான். கண்ணாச்சே."

தட்டைத் தூக்கி எறிய வந்தது. எறியவில்லை. மீதிச் சோற்றையும் ஊட்டினேன்.

12 ஜூலை, செவ்வாய்

காலையில் தூறல். உத்தரவு வந்தது. தயாவின் மனு தள்ளுபடி. வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து மனு செய்தால் கூட்டுப் பட்டா பரிசீலிக்கப்படும்.

இவரிடம் படித்துக் காட்டினேன். "ஜெயிச்சிட்டோமா?" என்றார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தெரியவில்லை என்றேன்.

14 ஜூலை, வியாழன்

மத்தியானம். அரிசி வடித்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள்.

"அக்கா! அக்கா, தொற! கொன்னுடுவானுங்க!"

தயா. ஜன்னலில் பார்த்தேன். தெருமுனையில் குமரேசனின் ஆட்கள், அதே செயின், அதே கட்டை. கம்பெனிக்காரனிடம் நிலம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த குமரேசன் அவமானப்பட்டுவிட்டான். அதற்கு யாரையாவது அடிக்க வேண்டும்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. முதல் அடி அவன்மேல் விழுந்த சத்தம் கேட்டது. திறக்காமல்தான் நின்றேன். இரண்டாவது விழுந்தது. அம்மா பின்னால் கத்தவில்லை, கெஞ்சவில்லை. அது ஏன் என்று புரியவில்லை.

திறந்தேன். உள்ளே விழுந்தான். அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு நான் படிக்கு இறங்கினேன். "வாங்கடா. ஒரு கண்ண எடுத்தவ நானு. அடுத்தது யாரு?" இவர் ஒற்றைக் கையில் உலக்கையோடு பக்கத்தில். எதிர் வரிசை ரூமில் தங்கியிருக்கும் தென்காசிப் பையன்கள், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்கள், லுங்கியோடு வெளியே வந்து நின்றார்கள். "எவம்ல அது, பொம்பளகிட்ட?" என்றான் ஒருவன். குமரேசனின் ஆட்கள் ஜன்னல் கண்ணாடியை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே வந்தேன். சோறு குழைந்துவிட்டது. தயா சுவரில் சாய்ந்திருந்தான். தலையில் புதுக் காயம், கண்ணில் பழைய கட்டு. அம்மா இடது கையால் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தண்ணி" என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். இவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் இரண்டு கையும் ஒழுங்காக இருப்பவள் நான் ஒருத்திதான்.

"கொடம் அங்கதான் கீது" என்றேன்.

எழுந்து போனான். செம்பில் மொண்டு டம்ளரில் ஊற்றினான். தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை. மறுபடி ஊற்றினான். மறுபடியும் தரையில்.

டம்ளரை நான் வாங்கிச் செம்புக்கு நேராகப் பிடித்தேன். அவன் ஊற்றினான்.