மணி அஞ்சாச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நீ அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. தினமும் காலை ஐந்தரைக்கு வகுப்பில் இருக்க வேண்டும். மூன்று நாள் தாமதித்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்று காலை ஒத்திகை பார்த்தேன். அலாரம் அடித்ததில் என்னைத் தவிர விடுதியே விழித்துக்கொண்டது. "கும்பகர்ணனுக்குத் தங்கச்சியா நீ?" என்று வார்டன் அக்கா சிரித்தார்.

நாலரைக்கே "மணி அஞ்சாச்சு, எழுந்திரிடி!" என்று பொய் சொல்லி எழுப்புவாயே, அதை போனில் பதிவு செய்து அனுப்பு. அலாரமாக வைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓட வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்திவிடாதே அம்மா, மூன்று தடவை கூப்பிடு. முதல் இரண்டுக்கும் எழுந்திருக்க மாட்டேன். சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

உன் மகள்