உப்புக்கு அடங்காத மூங்கில்

மரக்காணம்
22.1.2006

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் இங்கே சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் குட்டியும் எங்களைவிடச் சுகமாக இருக்க அங்காளம்மாவை வேண்டிக்கொள்கிறேன். வாந்தி நின்றதா? புளிப்புக் கேட்கிறது என்று ஊறுகாயாகவே தின்னாதே.

முதலில் நல்ல சேதி, நீ பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாய். உன் பின்னறைத் தரை புதுசாகிவிட்டது. போன மாதம் போனில் தரை வெடித்ததைச் சொன்னதும் மாப்பிள்ளை, "அப்படின்னா வானூர்ல எங்கம்மா வீட்லயே பிரசவத்த வெச்சுக்கலாங்க அத்தே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் நான் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

எல்லாம் நீ குயிலாப்பாளையம் நர்சரியில் வேலைபார்த்தபோது ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்த வெளிநாட்டு மூங்கிலின் வேலை. நம்மூர் மூங்கில் போல ஒரே புதராக நிற்காமல் மண்ணுக்கடியில் கிழங்கை ஓடவிட்டு, இந்த மழையில் துவைக்கிற கல்லருகே ஒன்று, கிணற்றடியில் ஒன்று என்று முளைத்து, கடைசியில் உன் அறைத் தரையையே பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. நான் எப்போதோ வெட்டியிருப்பேன். உங்கப்பாதான் "பொண்ணு வெச்சது, கை வெக்காதே" என்று கிட்டேயே விடவில்லை. மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும் மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. உப்பளத்துக்காரர் புத்தி வேறெங்கே போகும், ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து அதன் காலடியில் கொட்டி, "உப்பு போட்ட எடத்துல புல்லு கூட மொளைக்காது பாரு" என்றார். பார்த்தேன். என் கறிவேப்பிலை மரம் கருகிவிட்டது, மூங்கில் புதுசாக முளை விட்டது. இரண்டாவது மூட்டையை அவிழ்க்கும்போது குறுக்கே போய் நின்றுகொண்டேன். சுனாமிக்குப் பிறகு நம் தெருவில் கரிக்காத தண்ணீர் நம் கிணற்றில்தான் இருக்கிறது. "இதுவும் கரிச்சுப்போச்சுன்னா புள்ள பெத்தவளுக்கு எதுல பத்தியம் சமைக்கிறது" என்று கேட்டேன். மூட்டையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டுப் போய் பஸ் ஏறிவிட்டார்.

நேரே நர்சரிக்குத்தான் போயிருக்கிறார். உன்னோடு வேலைபார்த்த மங்கம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கெழங்க தோண்டி எடுக்காம மேல எத கொட்டினாலும் சாகாதுப்பா" என்றாளாம். உப்பளத்தில் இன்னும் மழைத்தண்ணீர் நிற்பதால் நம்மிடம் வேலைசெய்யும் கொளஞ்சியும் பாவாடையும் சும்மாதான் இருந்தார்கள். மூன்று பேருமாக மூங்கிலை வெட்டிச் சாய்த்துவிட்டு, கிழங்கு போன வழியெல்லாம் தோண்டி, தரைக்கடியில் கிடந்ததைக் கயிறு இழுப்பது போல இழுத்துப் போட்டார்கள். கிழங்கு எல்லாவற்றையும் காயவைத்து எரித்தாயிற்று. ஒன்றைத் தவிர. கிணற்று வேலையில் மிஞ்சிய இரண்டு சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்குள் இறக்கி, இடுக்கைப் பூசி, விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரியும்படி விட்டு, அதற்குள் ஒரு கிழங்கை நட்டுவிட்டார் உங்கப்பா. "இனிமே எங்க ஓடுதுன்னு பாக்கறேன்" என்கிறார். இது எதுக்கு மறுபடியும் என்று கேட்டால் காது கேட்பதில்லை. விட்டுப்போன துண்டு எங்கேயாவது தலைகாட்டினால் நான் காலையில் பெருக்கும்போதே ஒடித்துவிடுகிறேன். விடாமல் ஒடித்தால் ஓய்ந்துவிடுமாம்.

உன் அறைக்குச் சிவப்பு சிமெண்ட் போட்டு மெழுகியிருக்கிறது, முகம் பார்க்கலாம். வானூருக்கு நானே போய்ச் சம்பந்தியம்மாவிடம் பேசிவிட்டேன். "தாய் வூட்டுக்குப் போறதுதானே மொறை" என்று முகம் மலரச் சொன்னார்கள். எனக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே சந்தோஷம். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். கனமாக எதையும் தூக்காதே. வரும்போது எந்தச் செடியும் கொண்டுவராதே.

குழந்தை பிறக்கும் முன்னே தூளிக்குக் கயிறு, குறுக்குக் கழி என்று எதையும் தயார் பண்ணக்கூடாது என்று உங்கப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அவரும் தலையாட்டினார். ஆனால் வெட்டிய மூங்கிலில் நல்லதாக ஒன்றை எடுத்து, ஒரு முழத்துக்கு நறுக்கி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். கேட்டால் துணி காயப்போடவாம். ஒரு முழக் கழியில் எந்தத் துணி காயும் என்று நான் கேட்கவில்லை.

நல்லபடியாக வந்து சேர், தாயே.

உன் அம்மா,
தையல்நாயகி