அப்பாவின் வலது கைக்கு ஒரு சின்ன ரீல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போன கடிதங்களில் இந்த வரியைப் பழக்கத்தில் எழுதினேன், இந்த முறை தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கிறேன் என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல். போனிலேயே எல்லாம் பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுபட அவரைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை.

அப்பாவுக்கு அங்கிருந்து விலையுயர்ந்த தூண்டில் ரீல் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயே, அதை நிறுத்திவிடு. காரணம் சொல்கிறேன். அவர் பணிமனைப் படிக்கட்டில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை என்பதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் தடுத்தார். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். இரண்டு நாள் அமுக்கிவிட்டு, "இதை ஏதாவது நாய்க்குப் போடு, அதுவாவது சந்தோஷப்படும்" என்று சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டார். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டீங்கன்னா விரல் இறுகிடும்மா, அப்புறம் ஸ்க்ரூடிரைவர்கூடப் பிடிக்க வராது" என்றாள். எந்திரங்களோடு வாழ்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், கதவுக்குப் பின்னால் இருந்த தூண்டிலையும் பழைய ரீலையும் எடுத்து வைத்துக்கொண்டு, "பரண் மேல போட்டுடு, இனிமே எனக்கெதுக்கு" என்கிறார். அந்த ரீல் உன் சித்தப்பா கொடுத்தது, கடலில் சுறா பிடிக்கிற அளவுக்குக் கனம். அதன் கைப்பிடியைச் சும்மா சுற்றிப் பார்த்தபோதுதான் எனக்குத் தோன்றியது. இது பந்தைவிட நல்ல பயிற்சி, லேசான ரீலாக மட்டும் இருந்தால்.

கடையில் போய் நின்றேன். மருந்துக் கம்பெனியில் மாத்திரையை உடைத்துப் பார்ப்பவளுக்கு, பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தானே சம்பளம். விற்பனைக்கு நின்றவன் பெரிய ரீலாக எடுத்து வைத்து, உள்ளே எத்தனை பேரிங் இருக்கிறது என்று ரீல் விட்டுக்கொண்டிருந்தான். நம் ஊர் ஏரியோ குட்டை மாதிரி. லாரியில் கொண்டுவந்து விடுகிற மீன், ஒரு கிலோ தேறினால் பெரிது, அதுவும் கரையோரமே சுற்றும். அதற்கு எதற்கு யானை கட்டும் சங்கிலி? நான் பார்த்தது இவ்வளவுதான்: கையில் எடுத்தால் கனக்கக் கூடாது, சுற்றினால் கைப்பிடி ஆடக் கூடாது, மீன் திமிறும்போது தூண்டில் நரம்பு அறுபடாமல் ரீல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியைச் சோதிக்க, கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு ரீலில் பாட்டில் வெடுக்கென்று இறங்கியது. மூன்றாவதில் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல இறங்கியது. அதுதான் வரிசையிலேயே விலை குறைந்ததற்கு அடுத்தது. கைப்பிடி இடது பக்கம் இருந்தது; வலது கையால் சுற்றுவதற்குத் தனி ரீல், ஆர்டர் போட வேண்டும், விலை கூடும் என்றான். நான் எதிர்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, கைப்பிடியை மாற்றிப் பொருத்திக் காட்டினேன். "மேடம் கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

அப்பா ரீலைப் பார்த்து, "பொம்மை மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அன்றைக்கே நரம்பு சுற்ற உட்கார்ந்துவிட்டார். இங்கேதான் நம் வீட்டுப் புத்தி. வாங்கிய நரம்பை வீணாக்கக் கூடாதென்று, உருளையின் விளிம்பு வழிய முழுவதையும் சுற்றிவிட்டார். முதல் தடவை வீசியதும் அது சுருள் சுருளாகக் கொட்டி, கூடத்து நாற்காலி, மின்விசிறி, என் கண்ணாடி எல்லாவற்றையும் பிடித்தது. ஏரியில் பிடிப்பதற்கு முன் வீட்டில் நிறையப் பிடித்துவிட்டோம். விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, மீதியை நான் கத்தரித்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு தொலைக்காட்சி பார்க்கிறபோதெல்லாம் மடியில் ரீல். முதலில் உள்ளங்கையால் தள்ளித்தான் சுற்றினார், பிறகு மூன்று விரல், பிறகு இரண்டு விரலால் பிடித்து. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு ஏரிக்குப் போனோம். சித்தப்பாவும் தன் பெரிய ரீலோடு வந்து, என்னைப் பார்த்து, "அண்ணி, இது மீன் பிடிக்கவா, பட்டம் விடவா?" என்றார். அப்பா இடது கையால் வீசினார், கோணலாகத்தான் விழுந்தது. சித்தப்பா அக்கரை வரைக்கும் வீசினார், மீன்கள் இந்தக் கரையில் இருந்தன. அப்பாவின் தக்கை திடீரென்று முங்கியது. நான் பயந்தேன், உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் சும்மா சுற்றுவது வேறு, உயிர் ஒன்று மறுமுனையில் இழுப்பது வேறு. மீன் ஓடியபோது ரீல் விட்டுக்கொடுத்தது, அது ஓய்ந்தபோது அவர் சுற்றினார். சித்தப்பா ஓடிவந்து, "குடுண்ணே, நான் இழுக்கறேன்" என்று கையை நீட்டினார். அப்பா திரும்பிப் பார்க்காமலேயே, "கையை எடுடா" என்றார். விழுந்த நாளுக்குப் பிறகு அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். நடுவில் நிறுத்தாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மீனை நிறுத்துப் பார்க்கவில்லை, சித்தப்பா முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது. அவருக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. திரும்பும் வழியில், "அண்ணி, அந்தக் கடை எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மீனைப் பொரித்தோம், முள் எடுத்தது அப்பா, அதுவும் வலது கையால். நேற்று அந்தப் பயிற்சிப் பெண் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, பந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றாள். இருவரும் ஆமாம் என்று தலையாட்டினோம். பந்து இன்னும் சோபாவுக்கு அடியில்தான் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலோடு வேலைக்கு ஓடாதே, ரீலுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல குளிர்சட்டை வாங்கிக்கொள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடியில்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. உறையின் மேல் உன் முகவரி கோணல்மாணலாக இருந்ததே, எந்தப் பிள்ளை எழுதியது என்று யோசித்திருப்பாய். அதை எழுதியது உன் அப்பா. அந்த உறையை மட்டும் தூக்கிப் போடாதே.

அன்புடன்,
உன் அம்மா