வீட்டார் எத்தனை பேர்

அன்பு மகள் தலீதாவுக்கு அம்மா எழுதுவது, ஆண்டவர் கிருபையால் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால்தான் மழைக்கு முன்பே சேதி சொல்கிறது. நீ அந்தப் பிரிஸ்பேன் குளிரில் நெஞ்சை மூடிக்கொண்டு போகிறாயா. உன் மகள் பெனினாவை நினைத்து எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. தலைநகர் அப்பியாவில் துணிக்கடைக்கு மேலே அவள் ஆராய்ச்சி நிலையம், மொத்தமே நாலு பேர், அரசாங்கத்தைச் சேர்ந்ததும் இல்லை, ஆனால் அவர்கள் எழுதுவதை மந்திரிகூடப் படிக்கிறாராம். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேத்தி என்று சபையில் நான் சொல்லாத ஆள் இல்லை. வயசானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரிக்க நம் ஊரில் நாற்பது வீடு ஏறி இறங்கினாள். முதல் கேள்வி, உங்கள் வீட்டார் எத்தனை பேர். நான் ஆறு என்றேன், நீ, அவள், உன் மூன்று தம்பிகள், நான். பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டா சொல்வேன். ஊரே அப்படித்தான் சொல்லியிருக்கிறது, எதிர்வீட்டு ஃபிலோமெனா ஒன்பது என்றாளாம், அங்கே படுப்பது அவளும் நாயும்தான். கூட்டிப் பார்த்தால் நம் ஊரில் தனியாக இருக்கிற கிழம் ஒன்றுகூட இல்லை என்று வருகிறது. அப்படியே அனுப்பினால் வாராவாரம் வரும் நர்ஸ் வண்டி நின்றுபோகுமாம்.

வீட்டார் என்று கேட்டது என் தப்பு பாட்டி, நேற்று இங்கே தூங்கியது யார் என்று கேட்டிருக்க வேண்டும் என்று பெனினா புலம்புகிறாள். மறுபடி கேட்கப் போனவளை ஃபிலோமெனா வாசலிலேயே நிறுத்தி, ஏண்டி, என் பிள்ளைகள் செத்தா போனார்கள், முதலில் உன் பாட்டி கணக்கிலிருந்து உன் அம்மா பேரை அடித்துவிட்டு வா என்று விரட்டிவிட்டாள். அதன்பிறகு ஒரு வீடும் வாய் திறக்கவில்லை. மாதம் முடிவதற்குள் அறிக்கை போகவேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து, என் வீட்டில் தூங்குவது ஒருத்தி என்று நானே சொல்லப்போகிறேன். ஆமாம் தலீதா, ஒருத்திதான். என்னோடு இருந்த உன் கடைசித் தம்பியும் மே மாதமே நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போய்விட்டான். உனக்கு எழுதாதே என்று பெனினாவிடம் சத்தியம் வாங்கியது நான், அவளைத் திட்டாதே. ஃபிலோமெனாவின் மகன் அங்கே உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். தம்பியைத் திரும்பிவரச் சொல்லி எழுதாதே, வேலைக்குப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். சபையில் எழுந்து நிற்கும்போது வாய் தவறி ஆறு என்றே வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபம் பண்ணு.

உன் அம்மா
ஃபுவாதினோ