டப்பாவில் உப்பு ஸ்கோன்

அரூர், 9-2-1984

அன்பு மகளே,

வேலை பார்க்கும் பெங்களூர் பங்களாவில் கற்றுக்கொண்டு, கிறிஸ்துமஸ் லீவில் நீ சுட்டுக் காட்டிய ஸ்கோன் ரொட்டியை இப்போது நானே சுடுகிறேன். குண்டானில் மணல், மூடிமேல் தணல். நன்றாகவே உப்புகிறது.

திராட்சை போட்ட இனிப்பு உன் அப்பாவுக்கு. பாலில் ஊறவைத்து ஊட்டினேன். "மவ வந்துட்டாளா? அவ கைப்பக்குவம் இது" என்றார். ஆமாம் என்றேன். விழுங்கவில்லை, துணியால் எடுத்துவிட்டேன்.

தருமபுரி டாக்டர் இனி அழைத்துவர வேண்டாம் என்றுவிட்டார். நேற்று கோயில் சாமியார் வந்து, கடைசி நேரத்தில் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். லீவுக்காக பங்களா அம்மாளிடம் இப்போதே கெஞ்சாதே. தந்தி வந்ததும் வா.

பச்சைமிளகாயும் ஓமமும் போட்ட உப்பு ஸ்கோன் உனக்கு. மூன்று நாளில் கல்லாகிவிடுகிறது. பழையதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுட்டு டப்பாவில் வைக்கிறேன். இது நான்காவது தடவை.

நீ வந்து இறங்கும் அன்று நம் வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டுச் சோறு உனக்குத் தொண்டையில் இறங்காது என்று எனக்குத் தெரியும். டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். முதலில் தின்றுவிடு. அப்புறம் அப்பாவிடம் போ.

இப்படிக்கு,
உன் அம்மா