வலது பக்கச் சுவர்

ஜனவரி 14
பேஸ்பால் மைதானத்தில் முழங்கால் அளவு பனி. மட்டையாளன் நிற்கும் இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து நின்றேன். வலது பக்கச் சுவர் எட்டித் தொடலாம் போல இருந்தது. அந்தப் பக்கமே அடிக்கிற இடது கை மட்டையாளர்கள் நாலு பேர் போதும், பந்து தினமும் அதைத் தாண்டும். கண்ணை மூடினால் ஒவ்வொன்றாகப் பறக்கிறது. சுவருக்கும் அதன் பின்னால் இருக்கைகளுக்கும் அந்தப் பக்கம் ஏரி உறைந்து கிடந்தது. இந்த அணிக்கு ஆள் பிடிப்பது என் வேலை. பிடித்துவிடுவேன்.

ஜனவரி 29
நாலாவது ஆள் கிம்ப்ரோவும் வந்தாயிற்று. பதிலுக்கு அவனுடைய அணிக்கு அரியோலாவைக் கொடுத்தேன், எங்கள் அணியின் முதல் பந்து வீச்சாளன். பயிற்சியாளர் டோபின் போனில், "அவனையா குடுத்த? அப்ப பந்தை யாரு போடுறது, நீயா?" என்றான். பத்து ரன் அடிக்கிற அணிக்கு வீச்சாளன் எதற்கு என்றேன். "ஏப்ரல்ல அந்த ஏரிக் காத்துல ஒரு நாளாவது நின்னுருக்கியா லேலண்ட்?"
இவனுக்கு எதிலும் நொட்டை சொல்லியாக வேண்டும்.

ஏப்ரல் 19
காற்று ஏரியிலிருந்து உள்ளே வீசுகிறது. கிம்ப்ரோ அடித்த பந்து போனது, போனது, சுவருக்கு மேலே ஒரு கணம் யோசித்தது, திரும்பி எதிரணிக்காரன் கையில் விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரிடம் சொல்ல?

மே 11
இன்றும் தோல்வி. இன்றும் அதே காற்று.

ஜூன் 2
அணியின் உரிமையாளர் ஹேவர்கேம்ப் அம்மையார் கூப்பிட்டனுப்பினார். "டோபினை அனுப்பிடுங்க. யாராவது ஒருத்தர் போனாத்தான் ஜனங்க ஆறுவாங்க."
தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஏன்டா ஆட்டின? அவன் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். சுவரைப் பாத்து மயங்குனது அவனா?

ஜூன் 3
சொல்லத்தான் போனேன். டோபின் காலி மைதானத்தில் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆகஸ்ட்ல காத்து திரும்பிரும். உன் பசங்க நல்லா அடிக்கிறானுங்கய்யா, கொஞ்சம் பொறு" என்றான்.
சொல்லாமலே திரும்பினேன். நேரே அம்மையாரிடம் போய், போக வேண்டியவன் நான் என்றேன். அவர் மறுக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது.

ஆகஸ்ட் 21
டிக்கெட் வாங்கிக்கொண்டு வலது பக்கச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. திரும்பிவிட்டது. கிம்ப்ரோ அடித்தான், பந்து என் தலைக்கு மேலே போயிற்று. பனியில் பார்த்த அதே பந்து. எழுந்து நின்றுவிட்டேன். "உங்க சொந்தக்காரனா?" என்று கேட்டார் பக்கத்து ஆள். ஒரு வகையில் என்றேன்.

ஆனால் எதிரணி அடித்த பந்துகளும் எங்கள் பக்கமே வந்து விழுந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. நம் வீச்சாளர்களால் தடுக்க முடியவில்லை. காற்றுக்கு யார் எந்த அணி என்று தெரியுமா என்ன.

இன்றைக்கே நடந்த இரண்டாவது ஆட்டத்துக்கு அவர்கள் நான் கொடுத்த அரியோலாவை இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழேயே போட்டான். என் நாலு பேரும் வெட்டி வெட்டிப் பார்த்தார்கள், பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. அவ்வளவு காற்றும் தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா வீசிக்கொண்டிருந்தது. தோற்றோம்.

"இப்பேர்ப்பட்டவனைத் தூக்கிக் குடுத்த புண்ணியவான் எவன்யா?" என்றார் பக்கத்து ஆள்.

"நான்தான்."

விழுந்து விழுந்து சிரித்தார். தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.