செத்தவீட்டில் நீட்டிய கை

வெள்ளவத்தை

பழைய கூட்டாளிக்கு,

இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் அம்மாவின் செத்தவீட்டில், கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் நின்று நீ எனக்குக் கை நீட்டினாயாம். நான் பிடிக்காமல் உள்ளே போய்விட்டேனாம். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். "செத்தவீட்டிலும் அவருக்குப் பெரிய மனுசத்தனம்" என்று எல்லோரிடமும் சொன்னாய். அதன்பிறகு நீ வரவுமில்லை, கதைக்கவுமில்லை.

செத்தவீட்டுக்கு முன்பிருந்தே என் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது. பார்க்கிற முகமெல்லாம் அதற்குள் போய்விடும், ஓரங்கள்தான் மிஞ்சும். அன்று வாசலில் நின்ற எல்லோரும் வெள்ளை வேட்டி. "வா மச்சான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், குரலைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்திருப்பேன்.

உன் அம்மா எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்ட மனுசி. பெட்டிக்குள் அவவின் சேலைக் கரை மட்டுமே தெரிந்தது.

கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். விளக்குப் பூட்டிய பூதக்கண்ணாடியின் கீழ், தடித்த கறுப்புப் பேனையால் இதை எழுதுகிறேன். தட்டித் தட்டி நடக்க, மடிக்கிற வெள்ளைப் பிரம்பும் தந்தார்கள். எங்கள் காலி வீதியில் அத்தனை சனத்துக்கு முன்னால் விரிக்க வெட்கப்பட்டு அதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று விரித்துக்கொண்டுதான் தபால் கந்தோருக்குப் போகப்போகிறேன்.

கீழே என் பெயரை எழுதமாட்டேன். முகத்தைப் பார்த்து உன்னைக் கண்டுபிடிக்கவில்லை என்றுதானே என்னோடு உறவை வெட்டினாய்? நீயும் பெயரில்லாமல் என்னைக் கண்டுபிடி. இப்படியே தபாலில் போடுகிறேன்.